சுவர் வழியாக வந்த ரீமிக்ஸ்

அவளுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போது மேசைக்கடியில் கால் ஆடும். பேருந்தில் நின்றால் விரல்கள் கம்பியில் தாளம் போடும். பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்த்தால் கையை எடுத்துப் பையின் வாரில் தட்டுவாள். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் சக்கரத்துக்கு முன்னால் மட்டும்தான் அவள் உடம்பு ஒரு நிலைக்கு வரும். தண்ணீர் சொட்டச் சொட்டச் சக்கரம் சுற்றும். லென்ஸின் விளிம்பை அதில் காட்டி, எடுத்து, ஃபிரேமில் வைத்துப் பார்த்து, மறுபடி காட்ட வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்துவிட்டால் லென்ஸ் ஃபிரேமுக்குள் கடகடவென்று ஆடும். பிறகு தூக்கிப் போட வேண்டியதுதான்.

"உனக்குள்ள யாரோ சும்மா மாடிப்படி ஏறி இறங்கிட்டே இருக்காங்கடி," என்பாள் கடையின் முதலாளியம்மா. "கொஞ்சம் கீழ வந்து உக்காரச் சொல்லு."

அந்த முதலாளியம்மாதான் வாரத் தொடக்கத்தில் அவளைக் கூப்பிட்டு, வேறொரு ஊரில் திறக்கப்போகும் கடையைப் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டாள். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரம்.

"கடைக்குப் பின்னாடியே ரூம் இருக்கு. ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு ஜன்னல். ஒருத்தி தாராளமா இருக்கலாம். யோசிச்சு திங்கக்கிழமை சொல்லு."

அன்று மாலை அதைக் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து வந்து, விரல் இடுக்கிலிருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒருத்தி இருக்கிற மாதிரி ரூமாம்," என்றாள், அந்த வார்த்தையை அவன் பக்கம் தள்ளிவிடுவது போல.

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஜன்னல் இருக்கா?"

"இருக்காம்."

"அப்ப சரி."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. போகாதே என்றால் போவேன் என்று சண்டை போடலாம். போ என்றால் துரத்துகிறாயா என்று கேட்கலாம். ஜன்னல் இருக்கா என்று கேட்பவனை என்ன செய்வது?

அவள் போக நினைத்தது கடைக்காக அல்ல, இவனை விட்டுப் போகத்தான். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும். அடிக்கிறவனா, குடிக்கிறவனா, எதுவுமில்லை. அவனைப் பற்றி யாரிடமாவது குறை சொல்ல உட்கார்ந்தால் அவளுக்கே வாய் வராது. ஆனால் ஒரு சந்தேகம் கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே செருப்புக்குள் மாட்டிய பொடிக்கல் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் ஒருவன். கதவைத் திறந்துகொண்டு வந்தவன் வேறொருவன். தான் ஆசைப்பட்டது முதல் ஆள்மேல். கட்டிக்கொண்டது இரண்டாவது ஆளை.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவள் தனியாக ஓர் அறையில் குடியிருந்தாள். அடுத்த அறையில் யாரோ ஒருவன். சாயங்காலமானால் அந்தப் பக்கமிருந்து ஒரு பாட்டு வரும். பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. மெதுவான, கனமான ஓர் அடி. அதன்மேல் நான்கு சுரங்கள், ஒன்றன்பின் ஒன்றாகத் தயங்கித் தயங்கிக் கீழே இறங்கும். நடுவில் ஓர் ஆணின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும். என்ன வார்த்தை என்று பிடிபடாது. அவள் கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு முதுகைச் சுவரில் சாய்த்து உட்காருவாள். அந்த அடி முதுகெலும்பில் வந்து விழும். அந்த நேரம் மட்டும் கால் ஆடாது. அவளுக்குள் படி ஏறி இறங்குகிற ஆள் எங்கோ ஒரு படியில் உட்கார்ந்துவிடுவாள்.

இப்படி ஒன்றை விரும்பிக் கேட்கிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்? அதைத்தான் அவள் தினமும் நினைத்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் போய்க் கதவைத் தட்டினாள். அவன் திறந்ததும், "சத்தம் ஜாஸ்தியா இருக்கா? மன்னிச்சிடுங்க, நிறுத்திடறேன்," என்று ஓடிப்போய் நிறுத்திவிட்டான். அவளுக்குச் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றது. "உங்க குழாய்ல தண்ணி வருதான்னு கேக்க வந்தேன்," என்றாள். அவன் அக்கறையாக உள்ளே போய்த் திறந்து பார்த்து, "வருதே," என்றான். காதல் அங்கே ஆரம்பித்தது. மாடிப்படியில் பேச்சு, தெருமுனையில் டீ, பிறகு இரண்டு வீட்டிலும் சொல்லி, அவர்களும் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்து, கல்யாணம்.

முடிந்து வந்த முதல் வாரத்தில், "அந்தப் பாட்டைப் போடு," என்றாள்.

"எந்தப் பாட்டு?"

"சாயங்காலம் போடுவியே. இசைத்தட்டுல."

"அந்தப் பெட்டியா? மழையில கூரை ஒழுகி எல்லாம் ஊறிப்போச்சும்மா. அந்த மெஷினும் சுத்தல. நீ வரப்போறேன்னு வீட்டை ஒழுங்கு பண்ணும்போது பழைய சாமான்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன்."

அவன் அதைப் பெருமையாகச் சொன்னான். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று புரிந்தது. என்ன தட்டு, யார் பாடினது, என்ன எழுதியிருந்தது என்று கேட்டாள். மூடிப்போன ஒரு நடனக்கூடத்தில் லிஃப்டைக் கழற்றப் போனபோது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று கொடுத்த பெட்டி அது. தட்டுகளின் நடுவில் வெறும் வெள்ளைக் காகிதம். பெயர் கிடையாது, ஊர் கிடையாது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து தேட ஆரம்பித்தவள்தான். நாலைந்து இசைத்தட்டுக் கடைகளில் நின்று, அந்த நான்கு சுரங்களை முனகிக் காட்டி, பார்க்கிறவர்கள் வாய்க்குள் சிரித்தாலும் பொருட்படுத்தாமல், கடைசியில் மூலப்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். அமெரிக்காவில் டெட்ராய்டில் செய்த டெக்னோ, இயந்திரத் தாளத்தில் ஓடும் நடன இசை. கார் தொழிற்சாலைகள் இருந்த ஊர் என்று படித்திருக்கிறாள். வரைபடத்தில் பார்த்ததோடு சரி. மூலப்பாட்டில் அதே நான்கு சுரங்கள் இருந்தன, ஆனால் குரலே இல்லை. அப்படியானால் சுவர் வழியாக வந்தது அதன் ரீமிக்ஸ். வேறு யாரோ அதை எடுத்துப் பிரித்து, குரல் சேர்த்து, மெதுவாக்கி, வேறொன்றாக ஆக்கியிருக்கிறார்கள். யார்?

ஒரே பாட்டுக்கு ஊருக்கு ஒரு ரீமிக்ஸ் இருந்தது. வெறும் முரசாக ஒன்று, வயலின் சேர்த்து ஒன்று, ஹவுஸ் என்கிற நடனப் பாணியில் கைதட்டலும் பியானோவுமாக ஒன்று. எல்லாவற்றையும் வாங்கினாள். எதுவும் அதில்லை. பிறகு அந்த ரீமிக்ஸ் செய்தவர்களின் மற்ற தட்டுகள், அவர்களுடைய கூட்டாளிகளின் தட்டுகள் என்று போய்க்கொண்டே இருந்தது. சுவர் நீளத்துக்கு ஓர் அலமாரி நிறைந்தது. ஒரு தட்டு கைக்கு வரும்வரை தூக்கம் வராது. வந்து ஊசியை வைத்தவுடன், இதுவும் இல்லை என்று மனம் அடுத்ததற்குத் தாவிவிடும். பாதி கேட்பதற்குள் எழுந்துவிடுவாள். கடைசிவரை கேட்ட தட்டு எத்தனை என்று கேட்டால் அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

வீட்டில் ஒரு சட்டமும் இருந்தது. இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளை அவன் தொடக்கூடாது. அவள் அதை வாங்கிவந்த புதிதில், புதுத் தட்டு ஒன்றைக் கிரீஸ் கையோடு நடுவில் பிடித்துத் தூக்கிவிட்டான். கட்டைவிரல் ரேகை அப்படியே அச்சாக விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு டீச்சர் மேலே ஓடிவந்தார். அதற்குப் பிறகு அந்த அலமாரி பக்கம் போனாலே அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வான், அருங்காட்சியகத்துக்கு வந்தவன் மாதிரி.

"யாரு பண்ணதுன்னு கொஞ்சம் யோசியேன்," என்று நினைத்தபோதெல்லாம் அவனைக் கேட்பாள். "லேபிள் சுத்தமா வெள்ளையா? ஓரத்துல பேனாவால ஏதாவது கிறுக்கியிருந்துச்சா?" அவன் பாடம் படிக்காமல் வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி விழிப்பான். தூரத்திலிருந்து போனில் இதைக் கேட்ட மாமியார் ஒருமுறை, "முதல்ல புருஷனை நீ, வா, போன்னு கூப்பிடறதை நிறுத்து, அப்புறம் பாட்டைத் தேடலாம்," என்று சொன்னதுண்டு.

அந்தச் சனிக்கிழமை, திங்கட்கிழமைக்குச் சொல்லவேண்டிய பதிலை அவள் இன்னும் முடிவு செய்யாதிருந்தபோது, இசைத்தட்டுக் கடைக்காரனிடமிருந்து செய்தி வந்தது. அவனை எல்லோரும் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள், தலை அப்படி. பெரிய சேகரிப்பு ஒன்று கடைக்கு வந்திருக்கிறதாம். அதில் அந்தப் பாட்டின் வெளிவராத ரீமிக்ஸ், வெள்ளை லேபிள், ஒன்று இருக்கிறதாம்.

சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவவில்லை. "தட்டுக் கடைக்குப் போயிட்டு வரேன், ஒண்ணு வந்திருக்காம்," என்றாள். கணவனுக்கு அன்று விடுமுறை. அவள் ரயிலுக்கு எடுத்துவைத்திருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அது இதுதானா?" என்றான்.

"கேட்டாத்தானே தெரியும்!"

"இதுவா இருந்தா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். பேருந்தில் அந்தக் கேள்வி கூடவே வந்தது. இதுவாக இருந்தால்? அவள் மனசுக்குள் கணக்குத் தீர்த்து வைத்திருந்தாள். இதுவாக இருந்தால், அப்படி ஒரு பாட்டு இருந்தது, அதைக் கேட்ட ஒருவன் இருந்தான், எங்கேயோ இந்த மனிதனுக்குள்ளேயே இன்னும் இருப்பான் என்று நம்பி இருந்துவிடலாம். இல்லையென்றால் பெட்டி தயார். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? விரல்கள் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தன.

"வாங்கக்கா, திருப்பிக் குடுக்கிற அக்கா," என்றான் சுருட்டை. வாங்கிய தட்டில் பாதியை மறுவாரமே திருப்பிக் கொண்டுவந்து வேறு மாற்றிக்கொள்வதால் அவளுக்கு அந்தக் கடையில் அப்படி ஒரு பட்டம்.

"போடு சீக்கிரம்."

"தண்ணி குடிங்க முதல்ல. ஓடி வந்த மாதிரி இருக்கீங்க."

"போடுடா!"

அவன் தட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்து, தூசியைத் தட்டி, வைத்தான். அவள் ஹெட்போனைக் காதில் இரு கையாலும் அமுக்கிக்கொண்டாள். முரசு வந்தது. வேகமான முரசு, பின்னாலேயே இன்னொரு முரசு, அதன் பின்னால் இன்னொன்று. நான்கு சுரங்கள் பாதியில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போயின. குரல் இல்லை. கடைசிவரைக்கும் இல்லை. இந்தத் தட்டை மட்டும் அவள் கடைசிவரை கேட்டாள்.

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். சுருட்டை அவள் முகத்தைப் பார்த்தான். எப்போதும் கிண்டல் செய்கிறவன் தட்டை எடுத்து உறைக்குள் போட்டான்.

"அக்கா, நானும் எல்லா இடத்துலயும் விசாரிச்சுட்டேன். இந்தப் பாட்டுக்கு வந்த ஒவ்வொரு ரீமிக்ஸும் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க. மெதுவா, ஆம்பளைக் குரலோட ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு அடிச்சுச் சொல்றாங்க."

"நான் கேட்டேன்."

"கேட்டிருப்பீங்க. சுவர் வழியா. சுவரும் ஒரு ரீமிக்ஸ்தானேக்கா?"

"சுவர் ஆம்பளைக் குரல்ல பாடுமா?"

"எங்க வீட்டுச் சுவர் எங்கப்பா குரல்ல திட்டும்." அவள் சிரிக்காததால் அவனும் நிறுத்திக்கொண்டான். "அண்ணன்கிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன்."

"அவருக்கு என்ன தெரியும்?"

சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவள் காதிலேயே கசந்தது. வெளியே வந்து நடந்தாள். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது தெரியாமல் அடுத்த நிறுத்தம்வரை நடந்தாள். அப்படியானால் எல்லாம் அவளே கட்டிக்கொண்டது. இல்லாத பாட்டைக் கேட்டு, அதைக் கேட்டவன் என்று இல்லாத ஒருவனை உண்டாக்கி, அவனுக்கு மாலையும் போட்டாயிற்று. இனி திங்கட்கிழமை வரைக்கும் காத்திருப்பானேன்? இன்றைக்கே முதலாளியம்மாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். முடிவு செய்ததும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கால்தான் வேகமானது.

கட்டடத்தின் லிஃப்ட் அந்த வாரமும் ஓடவில்லை. படியில் கீழ்வீட்டு டீச்சர் காய்கறிப் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"லிஃப்ட் மெக்கானிக்கை மேல் மாடில வச்சுக்கிட்டு நான் முட்டி தேய ஏறுறேன் பாரு. உன் வீட்டுக்காரர் ஒரு தட்டுத் தட்டினா ஓடாதா?"

"இது வேற கம்பெனிக்காரங்க பாத்துக்கிற லிஃப்ட் டீச்சர். இவரு தொட்டா இவரு வேலைக்கு உலை வச்சிடுவாங்க." பையை வாங்கி அவர் வாசலில் வைத்துவிட்டு மேலே ஏறினாள்.

கடைசித் திருப்பத்தில் கால் நின்றது.

மெதுவான, கனமான அடி. அது காதுக்கு வருமுன் கைப்பிடிக் கம்பியில் வந்தது. பிறகு நான்கு சுரங்கள், தயங்கித் தயங்கிக் கீழே இறங்கின. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து அந்த ஆண், அந்த ஒரே வார்த்தை.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். உடம்பு முழுதும் ஒரு கணம் பஞ்சானது. அடுத்த கணம் ஒரு நினைப்பு வந்து அந்தப் பஞ்சில் நெருப்பை வைத்தது. வைத்திருந்திருக்கிறான். இத்தனை வருஷமும் எங்கேயோ ஒளித்து வைத்துக்கொண்டு, அவள் கடை கடையாக அலைவதைப் பார்த்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அவள் போகப்போகிறாள் என்றதும் எடுத்துத் தனியாகக் கேட்கிறான்.

சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அலமாரியின் அடித்தட்டு காலியாகி, தட்டுகள் அவனைச் சுற்றி உறையோடு வரிசையாகச் சாய்ந்திருந்தன. அவள் லென்ஸ் துடைக்கும்போது போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கையுறைகளை மாட்டியிருந்தான். அவன் விரல்களுக்கு அவை பத்தாமல் பாதியில் நின்றன.

"கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தொட்டேன்," என்றான் அவசரமாக எழுந்து. "ரெண்டு தடவை."

"எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"

"எதை?"

"இதை! இத்தனை வருஷம்!"

"இது உன்னோடதும்மா. அடியில இருந்துச்சு." அவன் காலி உறையைத் தூக்கிக் காட்டினான்.

அவளுக்கு அந்த உறை தெரியும். அவள் முதன்முதலில் வாங்கிய தட்டு அது. மூலப்பாட்டும் பின்பக்கத்தில் ஒரு ரீமிக்ஸும். அந்த ரீமிக்ஸை அவள் வாங்கிய அன்றே ஒதுக்கிவிட்டாள். ஒரு பெண் கீச்சுக்குரலில் கத்த, முரசு அவளைத் துரத்த, சின்னப் பெண்கள் ஓடிப்பிடித்து விளையாடுவது மாதிரி ஒரு ஹவுஸ் பாட்டு. சுவரில் கேட்டதற்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

"இது அதில்ல. அதுல பொம்பளைக் குரல்."

"இதுதானேம்மா கேட்டுட்டிருந்தே? எனக்கு நல்லா தெரியும். நீ போறதுக்குள்ள நானே ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்துடலாம்னு உக்காந்தேன். காதுல விழுந்தா தெரிஞ்சிடும்னு. இதைப் போட்டதும் தெரிஞ்சிடுச்சு."

அவள் டர்ன்டேபிள் அருகில் போய்க் குனிந்தாள். தட்டு சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. லேபிளில் எழுதியிருப்பதைச் சுற்றும்போதே படிக்கும் அளவுக்குச் சோம்பல். நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்ற வேகத்துக்கான பொத்தான்கள் இரண்டில், முப்பத்து மூன்று என்றிருந்த பொத்தானில் விளக்கு எரிந்தது.

"இது நாப்பத்தஞ்சுல ஓடணும்," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"எப்படி? பெரிய தட்டாச்சே! எங்க வீட்டுல அப்பா ஒரு பாட்டுப் பெட்டி வச்சிருந்தாரு. சின்னத் தட்டுன்னா நாப்பத்தஞ்சு, பெரிய தட்டுன்னா முப்பத்து மூணு. மாத்திப் போட்டா கையை ஒடிச்சிடுவேன்னு சொல்லிக் குடுத்தாரு."

"பழைய பாட்டுத் தட்டுக்கு அது சரி. நடனத்துக்குப் போடறதைப் பெரிய தட்டுலயே நாப்பத்தஞ்சுல பதிவு பண்ணுவாங்க. சத்தம் நல்லா வரணும்னு. லேபிள்ல எழுதியிருக்கும்."

"என் தட்டுல ஒண்ணும் எழுதலையே. வெறும் வெள்ளைதானே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து அந்த ஆண் மறுபடியும் தன் வார்த்தையைச் சொன்னான். அது ஆணே இல்லை. ஒரு பெண்ணை நிதானமாக நடக்கவிட்டால் அவள் அப்படிப் பேசுவாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். உலகத்தில் அந்த ரீமிக்ஸை ஒரே ஒருவன்தான் செய்திருக்கிறான், தட்டைத் தப்பான வேகத்தில் போட்டு, அதுவும் தெரியாமல். அவன் கையை அவள் கட்டிப்போட்டு வைத்திருந்தாள். ஒரே ஒரு நாள் அவன் இஷ்டத்துக்கு ஒரு தட்டைப் போட விட்டிருந்தால் முதல் வருஷமே கிடைத்திருக்கும். சிரிப்பு எங்கோ ஓரிடத்தில் அழுகையானது. அவன் கையுறையோடு என்ன செய்வது என்று தெரியாமல், லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து நீட்டினான். அவள் அதில் மூக்கைச் சிந்தினாள்.

"கோவமா?" என்றான்.

"நீ ஏன் அப்ப தினமும் இதைப் போட்டே? பெட்டி நிறையத் தட்டு இருந்துச்சுல்ல. ஏன் இதை?"

அவன் யோசித்தான். கேட்பதற்கு யாராவது வருவார்களா என்று நெடுநாளாகக் காத்திருந்தவன்போல அவன் முகம் மாறியது.

"லிஃப்ட்டுக்கு எதிர் எடைன்னு ஒண்ணு உண்டு தெரியுமில்ல? இந்தப் பக்கம் ஆளு நிக்கற பெட்டி, அந்தப் பக்கம் எடை. ரெண்டும் சரியா இருந்தா, பிரேக்கை விட்டுட்டு மோட்டார் இல்லாமலேயே ஒரு கையால தள்ளலாம். அவ்வளவு லேசா இறங்கும். ஒரு சத்தம் வரும். சத்தம்னுகூட இல்ல. நாள் பூரா எடை சரியில்லாத லிஃப்ட்டுங்க உறுமறதைக் கேட்டுட்டு வருவேன். வந்து இதைப் போட்டா, எல்லாம் சரியா இருக்கிற ஒண்ணு கீழ இறங்கற மாதிரி இருக்கும்."

அவள் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ யாரு பண்ணது, லேபிள் என்ன, பேனாவால எழுதியிருந்துச்சான்னு கேட்டே. அதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியலைன்னு சொன்னா உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். அப்புறம் நான் என்னத்தைச் சொல்றது?"

அவன் குறையாகச் சொல்லவில்லை. பழுதான லிஃப்டில் எந்தக் கம்பி எங்கே விட்டிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னான். அவள் எழுந்து போய் நாற்பத்தைந்து பொத்தானை அழுத்தினாள். தட்டு திடுக்கிட்டு வேகமெடுத்தது. கிணற்றிலிருந்தவள் மேலே வந்து கீச்சென்று கத்தினாள். முரசு துரத்தியது.

"அய்யய்யோ," என்றான். "யாரோ பஸ்ஸைத் தவற விட்டுட்டு ஓடறாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. கடையிலிருந்து ஒரு நிறுத்தம் கூடுதலாக நடந்து வந்த கால்கள் இன்னும் வலித்தன. பொத்தானை மறுபடி மாற்றினாள். ஓடியவள் மெதுவாக நடைக்கு வந்தாள்.

கிடைத்துவிட்டது. இனி அமைதியாகிவிடலாம். ஒரு சில நிமிஷம் அமைதியாகவும் இருந்தாள். பிறகு அவள் கண் அலமாரியின்மேல் போனது. அதில் நாற்பத்தைந்தில் ஓடுகிற தட்டு எத்தனை! அவை எல்லாவற்றுக்குள்ளும் இப்படி நிதானமாக நடக்கிற யாராவது இருப்பார்களோ? விரல்கள் அரித்தன. அவளுக்கே சிரிப்பாக இருந்தது. உள்ளே படி ஏறி இறங்குகிறவள் போய்த் தொலைகிறவள் இல்லை போலிருக்கிறது. போகட்டும், அவளும் இருந்துவிட்டுப் போகட்டும்.

"முதல்ல இருந்து போடு," என்றாள். "நீயே போடு. நான் வெளிய போறேன்."

"இப்பதானே வந்தே?"

"போடேன்."

வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். முதுகைச் சுவரில் சாய்த்து நின்றாள். உள்ளே ஊசி விழும் சத்தம், பிறகு அந்த அடி. சுவர் வழியாக அது இன்னும் கனமாக, இன்னும் சரியாக வந்தது. அந்தப் பக்கம் இருப்பவன் கையுறை மாட்டிய கைகளை என்ன செய்துகொண்டிருப்பான் என்று நினைத்தாள். அவன் எப்படிப்பட்டவன் என்று அந்தக் காலத்தில் நினைத்ததுபோலவே நினைத்தாள். கொஞ்சம் தெரிந்திருந்தது. நிறையத் தெரியவில்லை.

கீழேயிருந்து டீச்சரின் தலை எட்டிப் பார்த்தது. "என்ன வெளியவே நிக்கறே? சாவி இல்லையா?"

"இருக்கு டீச்சர்."

"அப்ப உள்ள போக வேண்டியதுதானே!"

அவள் திரும்பிக் கதவைத் தட்டினாள். அவன் திறந்தான். அவள் சொல்லுமுன்பே பழைய பழக்கத்தில் ஒரு கை டர்ன்டேபிள் பக்கம் நீண்டது.

"சத்தம் ஜாஸ்தியா? நிறுத்தட்டுமா?"

"நிறுத்தாதே." அன்றைக்குத் தொண்டையில் நின்ற சொல் இவ்வளவு சின்னது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "அந்த ஊர்ல லிஃப்ட் இருக்குமா?"

"எந்த ஊர்ல?"

"கடை திறக்கற ஊர்ல."

அவன் அவளைப் பார்த்தான். "மாடின்னு ஒண்ணு இருந்தா லிஃப்ட்டும் இருக்கும்."

"உனக்கு அங்க வேலை கிடைக்குமான்னு விசாரி."

"அது ஒருத்தி இருக்கற ரூமாச்சே?"

"வேற ரூம் பாக்கச் சொல்றேன். திங்கக்கிழமை முதலாளியம்மாகிட்ட ரெண்டு பேருன்னு சொல்லிடறேன். வருவியா?"

அவன் திரும்பி, தரையில் பரந்து கிடந்த தட்டுகளையும், சுவர் நீள அலமாரியையும், வாசல்வழியாகத் தெரிந்த படிகளையும் பார்த்தான்.

"வரேன்," என்றான். "ஆனா இதையெல்லாம் யாரு தூக்கிட்டுக் கீழ இறங்கறது? லிஃப்ட் வேற ஓடல."

அவள் வாசற்படியிலேயே நின்றாள். பின்னால் நான்கு சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அவள் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது, அந்த மெதுவான அடிக்குத் தகுந்தபடி.